முற்பணம் கட்டுமுன் ஓட்டிப் பாருங்கள்

2020 மார்ச்சில் இடைநிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. புதிய கார் வாங்கப் போகும் நம் வியாபாரிகள் பலரும் விலையையும் லீசிங் தவணையையும் மட்டுமே விசாரிக்கின்றனர்.

ஓட்டிப் பார்க்கக் கேட்டால் விற்பனையாளர் சமதரையில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவார். அவரது தொழில் அது, குறை சொல்வதற்கில்லை. ஆனால், சமதரையில் எந்தப் புதுக் காரும் நன்றாகத்தான் ஓடும். குடும்பத்தோடு கண்டிக்குப் போகிறவர் நான்கு பேரை ஏற்றி, ஏ.சி.யையும் போட்டு, ஓர் ஏற்றத்தில் நிறுத்தி மீண்டும் எடுத்துப் பார்க்க வேண்டும். சிறிய எஞ்சினின் பலவீனம் அப்போதுதான் தெரியும். காசைக் கட்டிய பிறகு கடுகண்ணாவ ஏற்றத்தில் தெரிந்து என்ன பயன்?

ஓட்டுமுன், விபத்து நேர்ந்தால் காப்புறுதி உங்களுக்கும் செல்லுமா எனக் கேளுங்கள். ஓட்டிய காரின் அதே எஞ்சின், அதே ரகம்தான் உங்களுக்குத் தரப்படும் என்பதை முற்பணப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள்.