விரலால் ஆட்டிப் பார்த்தால் தெரியும்

விமானப் பராமரிப்பில் இருக்கும் எனக்கு ஆஸ்திரேலிய நண்பரிடமிருந்து ஓர் அழைப்பு. கொட்டகையில் தாமே கட்டிய, இருவர் அமரும் விமானம். வேகம் கூடினால் ஸ்டிக் கையில் நடுங்குகிறதாம். அதே வேகத்தில் எஞ்சின் சுழற்சியை மாற்றியும் நடுக்கம் போகவில்லை. அப்படியென்றால் புரொப்பெல்லரைக் குறை சொல்வதற்கில்லை.

"இன்னும் வேகமாகப் போய்ப் பார்க்கட்டுமா?" என்றார். வேண்டவே வேண்டாம் என்றேன். வாலிலுள்ள அசையும் தகடு காற்றில் தானாகவே படபடக்கத் தொடங்குவதைப் 'பிளட்டர்' என்பார்கள். முற்றினால் சில விநாடிகளில் வாலே பிய்ந்துவிடலாம். தேடலைத் தரையில்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

அவருக்குப் புதிதாக அடித்த சாயத்தின் மேல் சந்தேகம். நியாயமானதுதான், மறுபடி பூசும் சாயம் கீலுக்குப் பின்னால் எடையைக் கூட்டி, எலிவேட்டரின் சமநிலையைக் கெடுக்கும். கழற்றிச் சோதித்தார். சமநிலை சரியாகவே இருந்தது. பிறகு எலிவேட்டரின் பின்விளிம்பில் இருக்கும் சிறிய டிரிம் டேப்பை இரு விரலால் பிடித்து ஆட்டச் சொன்னேன். 'டக் டக்' என்றது. கீல் ஊசி தேய்ந்திருந்தது.

சின்னத் தகடுதானே என்று விட முடியாது. 2011இல் அமெரிக்காவின் ரீனோ விமானப் பந்தயத்தில் விழுந்த விமானத்திலும் தளர்ந்திருந்தவை டிரிம் டேப் திருகுகள்தாம். விமானியோடு சேர்த்து 11 பேர் மாண்டனர்.

நண்பர் ஊசியை மாற்றினார். அடுத்த முறை பறந்தபோது வேகத்தைப் படிப்படியாகத்தான் கூட்டினாராம். நடுக்கம் இல்லை.