கொல்கத்தாவில் கேட்ட 'தண்ணி வந்தாச்சு!'

வேலூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கத் தெருவில் எங்கள் வீடு. வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து வங்காளிகளைப் பார்த்துக் கொண்டுதான் இருக்கிறேன். வைத்தியத்துக்காகக் குடும்பத்தோடு வருவார்கள். ஒரு ரூம் எடுத்து, ஸ்டவ் வைத்துச் சமைத்துச் சாப்பிட்டு, மாதக் கணக்கில் தங்கிவிட்டுப் போவார்கள். எங்கள் பக்கத்துக் கடைகளில் வங்காள எழுத்தில் போர்டே உண்டு. ஒரு நாள் அவர்கள் ஊருக்குப் போய், அதே மாதிரி ஒரு சந்தில் நானும் ரூம் எடுத்துத் தங்குவேன் என்று கனவிலும் நினைத்ததில்லை.

2018 ஜூலையில் என் மகனுக்குக் கொல்கத்தாவில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்தது. வீட்டுக்காரருக்கு லீவு இல்லை. நானும் மகனும் காட்பாடியில் ரயில் ஏறினோம். ஹௌராவில் இறங்கி, எல்லாரும் தங்குகிற சௌரங்கி பக்கமே ஓர் ஓட்டலில் ரூம் போட்டோம். நாளுக்கு 2,200 ரூபாய். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்துச் சுவர். நாலு நாள்தானே என்று இருந்தோம்.

மூன்றாம் நாள் மகனுக்கு நெருப்பாய்க் காய்ச்சல். ரத்தப் பரிசோதனையில் டெங்கு என்று வந்தது. "ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டாம். ஆனால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ரத்தம் பார்க்கணும். பத்து நாளைக்கு ரயில் ஏறக் கூடாது" என்றார் டாக்டர். எப்படியோ விஷயம் ஓட்டல் மேனேஜர் காதுக்குப் போய்விட்டது. மற்றவர்கள் பயப்படுவார்களாம், மறுநாள் காலி செய்ய வேண்டுமாம். டெங்கு கொசுவால் வருவது, ஆளுக்கு ஆள் நேராக ஒட்டாது என்று மகன் முனகிக் கொண்டே சொல்லிப் பார்த்தான். அவர் கேட்கவில்லை.

அழுத முகத்தோடு மருந்துக் கடையில் போய் நின்றேன். சீட்டில் இருந்த விலாசத்தைப் பார்த்த பையன், "வேலூர்?" என்றான். தலையாட்டினேன். கல்லாவை விட்டே எழுந்து வந்துவிட்டான். அவன் அம்மாவுக்கு எங்கள் ஊரில்தான் ஆபரேஷன் நடந்ததாம். அவனுக்குத் தெரிந்த இங்கிலீஷும் எனக்குத் தெரிந்த இங்கிலீஷும் சேர்ந்து, விஷயத்தை ஒருவாறு புரிய வைத்தேன். யாருக்கோ போன் போட்டான். அன்று சாயங்காலமே ஒரு மஞ்சள் டாக்சியில் எங்களை ஏற்றி, வடக்குக் கொல்கத்தாவில் பாக்பஜாரில் இருக்கும் அவன் பெரியம்மா வீட்டில் கொண்டு போய் விட்டான். கீழ் ரூம், நாளுக்கு 400 ரூபாய். அந்த அம்மாளை எல்லாரும் 'மாஷிமா' என்றார்கள். நம்ம ஊரில் பெரியம்மா, சித்தி என்கிற மாதிரி. நானும் அப்படியே கூப்பிட்டேன்.

முதல் நாள் விளக்கு வைக்கிற நேரம். மகன் கண்ணைத் திறக்காமல் கிடக்கிறான். திடீரென்று வீட்டுக்குள் சங்கு ஊதும் சத்தம்! அடுத்த வீட்டிலும் ஒரு சங்கு, எதிர் வீட்டிலும் ஒரு சங்கு. நம்ம பக்கம் சங்கு ஊதினால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியுமே. எனக்குக் கை கால் உதறிவிட்டது. மகனைக் கட்டிப் பிடித்துக் கொண்டு "ஐயோ" என்று கத்திவிட்டேன். மாஷிமா சங்கும் கையுமாக ஓடி வந்தார். அங்கே அந்தி விளக்கு ஏற்றியதும் பெண்கள் சங்கு ஊதுவது வழக்கமாம். மகாலட்சுமி வீட்டுக்கு வர வேண்டும் என்று ஊதுவார்களாம். மறுநாளிலிருந்து ஊதுவதற்கு முன்னால் என் பக்கம் திரும்பி ஒரு சிரிப்பு சிரித்துவிட்டுத்தான் ஊதுவார்.

விடியற்காலையில் இன்னோர் ஆச்சரியம். முற்றத்தில் நின்று மாஷிமா, "தண்ணி வந்தாச்சு!" என்று சுத்தமான தமிழில் குரல் கொடுத்தார். தூக்கத்தில் வேலூரிலேயே இருப்பதாக நினைத்து, குடத்தைத் தேடினேன்! விசாரித்தால், 2006இல் கணவரின் ஆபரேஷனுக்காக இரண்டு மாதம் எங்கள் ஊரில் இருந்தவராம். தண்ணீர்க் கஷ்டம் எங்கள் ஊரின் சொத்தாயிற்றே. தெருவே எழுந்து கத்துகிற அந்த வார்த்தைதான் அவர் கற்ற முதல் தமிழாம். அவர்கள் வீட்டில் இரண்டு குழாய். ஒன்றில் குடிதண்ணீர். இன்னொன்றில் வடிகட்டாத கங்கைத் தண்ணீர், கழுவ, துலக்க. பழைய கொல்கத்தாவில் பல இடங்களில் இப்படித்தானாம்.

நாங்கள் சைவம் என்று தெரிந்ததும் மாஷிமா செய்த காரியத்தை என்னால் மறக்க முடியாது. மீன் இல்லாமல் அவர்களுக்குச் சாப்பாடு இறங்காது. ஆனாலும் ஒரு ஸ்டவ்வையும் இரண்டு பாத்திரத்தையும் சாம்பல் போட்டுத் தேய்த்து, "இது உனக்கு மட்டும்" என்று ஜாடை காட்டி வைத்தார். பையனுக்குக் குழைய வடித்த சாதம், மசித்த உருளைக்கிழங்கு, மேலே துளி நெய். அதுதான் அவர்கள் ஊர்ப் பத்தியச் சாப்பாடாம். பகலிலும் கொசு வலைக்குள்தான் படுக்க வேண்டும் என்று உத்தரவு. டெங்குக் கொசு பகலில்தான் அதிகம் கடிக்கும், அவனைக் கடித்த கொசு இன்னொருவரைக் கடிக்கக் கூடாது பாருங்கள். மேனேஜருக்கு இருந்த அதே பயத்துக்கு மாஷிமா வலை கட்டினார், அவ்வளவுதான்.

காய்ச்சல் இறங்கியதும் சந்தைச் சுற்றிப் பார்த்தேன். வீட்டு வாசலில் நம்ம ஊர்த் திண்ணை மாதிரியே மேடை. சாயங்காலம் அதில் உட்கார்ந்து அரட்டை. நடக்கிற தூரத்தில் கங்கைப் படித்துறை, அதை ஒட்டி ரயில். கொஞ்சம் தள்ளிப் போனால் குமார்துலி. துர்க்கை பொம்மைகளை வைக்கோல் கட்டி, களிமண் பூசிச் செய்து கொண்டிருந்தார்கள். நம் பாரதியார் குருவாக ஏற்ற நிவேதிதா தேவி, 1898இல் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் ஆரம்பித்தது இதே பாக்பஜாரில்தான். மாஷிமாவின் அம்மா அங்கே படித்தவராம். ஓட்டலிலேயே இருந்திருந்தால் விக்டோரியா மண்டபத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பேன்.

இனிமேல்தான் நான் எழுத வந்த விஷயம். 2004 வாக்கில் எங்கள் மாடி ரூமில் ஒரு வங்காளித் தம்பதி இருந்தார்கள். கணவருக்கு வைத்தியம். தினம் கடுகு எண்ணெயும் மீன் வாடையும் கீழே வரும். பத்து நாள் பொறுத்தேன். பதினோராம் நாள் "காலி பண்ணுங்க" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசவில்லை. ரூமைக் கழுவித் துடைத்து, சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, கணவரைத் தாங்கிப் பிடித்துக் கொண்டு படியிறங்கிப் போனாள். அதை அன்றைக்கே மறந்துவிட்டேன். ஓட்டல் மேனேஜர் என்னிடம் அதையே சொன்னபோதுகூட ஞாபகம் வரவில்லை. தேய்த்து வைத்த அந்த ஸ்டவ்வைப் பார்த்ததும்தான் வந்தது.

கிளம்புவதற்கு முதல் நாள் ராத்திரி, மகனை இந்தியில் சொல்லச் சொல்லி மாஷிமாவிடம் அத்தனையும் கொட்டிவிட்டேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "அந்த மனுஷன் பிழைச்சாரா?"

எனக்குத் தெரியாது. கேட்டு வைத்துக் கொள்ளவே இல்லையே.

மாஷிமா என் கையைப் பிடித்துக் கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை.

ஊருக்கு வந்ததும் மாடி ரூமுக்குத் தனியாக ஒரு ஸ்டவ் வாங்கிப் போட்டேன். புகை மேலே போக ஒரு ஃபேன். மொத்தம் 3,000 ரூபாய்க்குள் முடிந்தது. இதை அன்றைக்கே செய்திருக்கலாம். இப்போது வைத்தியத்துக்கு வருகிறவர்களுக்குத்தான் ரூம் கொடுக்கிறேன். பெயர், ஊர், யாருக்கு உடம்புக்கு என்ன என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதிக் கொள்கிறேன். ஊர் போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணச் சொல்கிறேன்.

சகோதரிகளே, வெளியூரில் நாலு நாளைக்கு மேல் தங்க வேண்டியிருந்தால், குடும்பங்கள் இருக்கிற தெருவில் ரூம் கிடைக்குமா என்று பாருங்கள். தெரிந்தவர் மூலமாகப் போவது நல்லது. தண்ணீர் எப்போது வரும், சமைக்கலாமா, கரன்ட் காசு தனியா என்று முதலிலேயே கேட்டுக் கொள்ளுங்கள். அடையாள அட்டை நகல் கொடுங்கள், வாடகைக்குச் சீட்டு வாங்குங்கள். அந்த ஊர்ப் பாஷையில் நாலு வார்த்தையாவது கற்றுக் கொள்ளுங்கள். தண்ணீருக்கு வங்காளத்தில் 'ஜொல்'. நான் கற்ற முதல் வார்த்தை அதுதான்.

போன வாரம் மாடிக்கு மால்டாவிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. விடியற்காலையில் குழாய் சத்தம் கேட்டதும் படியில் நின்று, "ஜொல் வந்தாச்சு!" என்று குரல் கொடுத்தேன். அந்தப் பெண் குடத்தோடு சிரித்துக் கொண்டே இறங்கி வந்தாள்.

- ஒரு வாசகி, வேலூர்.