கடல் கொண்ட ஊரின் கணக்கு

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், சஃபோக் பகுதியில் டன்விச் என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஒரு தேவாலயம், பாழடைந்த மடம், ஒரு மதுவிடுதி, கொஞ்சம் வீடுகள், தன்னார்வலர்கள் நடத்தும் சிறிய அருங்காட்சியகம் என்று நடந்தே பார்த்து முடித்துவிடக்கூடிய ஊர். இடைக்காலத்தில் இது பெரிய துறைமுகப் பட்டணம். 1086இல் அரசாங்கம் எடுத்த நிலக் கணக்கிலேயே ஊர் நிலத்தில் ஒரு பங்கைக் கடல் கொண்டுபோய்விட்டதாகக் குறிப்பு உண்டு. 1286இல் வந்த புயல் ஊரை அரித்தது. 1328இல் வந்தது துறைமுக வாயை மணலாலும் கூழாங்கல்லாலும் அடைத்தது. கப்பல் வராத ஊரில் வணிகம் நிலைக்கவில்லை. பட்டணம் தெருத்தெருவாகக் கடலுக்குள் போனது. கரையோரம் தனித்து நின்ற ஆல் செயின்ட்ஸ் தேவாலயமும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிறுகச் சிறுகச் சரிந்து விழுந்தது.

இப்படி நிலமே இல்லாமல் போன ஊருக்கு எது சாட்சி? உள்ளூர்க்காரர்கள் எழுதியும் வரைந்தும் சேர்த்தும் வைத்தவைதான். அவற்றை யாரும் எடுத்துப் பார்க்கும்படி திறந்து வைப்பதில்தான் அவற்றின் பயன் இருக்கிறது என்பது என் வாதம். 1587இல் ரால்ஃப் அகாஸ் என்ற நில அளவையாளர் டன்விச்சுக்கு ஒரு வரைபடம் போட்டார். பக்கத்து ஊரான சவுத்வோல்டில் உப்புத் துறை அதிகாரியாக இருந்த தாமஸ் கார்ட்னர், 1754இல் டன்விச்சின் வரலாற்றை நூலாக்கி, அந்தப் படத்தையும் அச்சில் சேர்த்தார். கார்ட்னர் பட்டம் பெற்ற வரலாற்றாசிரியர் அல்லர். அக்கம்பக்கத்து நாணயங்களையும் ஆவணங்களையும் ஆசையோடு சேகரித்த மனிதர். 1740 புயலில் மண் அரித்துக் கல்லறைகள் வெளியே தெரிந்ததைக்கூட அவர் பதிந்து வைத்தார். இரண்டரை நூற்றாண்டு கழித்து, சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் டேவிட் சியர் குழுவினர் ஒலியலைக் கருவிகளோடு அந்தக் கடலில் இறங்கினார்கள். அங்கே தண்ணீர் சேறாகக் கலங்கிக் கிடக்கும். முக்குளித்தாலும் கண்ணுக்கு ஒன்றும் புலப்படாது. பழைய படத்தை இன்றைய படத்தின் மேல் பொருத்தி, தேட வேண்டிய இடத்தைக் குறித்துக்கொண்டார்கள். மூழ்கிய தேவாலயங்களின் இடிபாடுகள் தட்டுப்பட்டன. கருவி எவ்வளவு நுட்பமானாலும், எந்த இடத்தில் தேடுவது என்று சொன்னது பழைய தாள்தான்.

ஊர்க்காரர் சேகரிப்பில் கதையும் கலந்திருக்கும், அதை வரலாறு என்று எப்படி நம்புவது என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. கடலுக்கடியில் தேவாலய மணி ஒலிக்கிறது என்று டன்விச்சிலும் சொல்கிறார்கள். அந்தக் கதையைத் தூக்கி எறியத் தேவையில்லை. யார் சொன்னது, எப்போது பதிவானது என்ற குறிப்போடு, கதை என்றே வைக்க வேண்டும். பிழை எல்லோரிடமும் வரும். பத்துப் பேர் பார்க்கும் இடத்தில் இருந்தால் பிழை பிடிபடும், பூட்டிய பெட்டிக்குள் இருந்தால் அப்படியே தங்கிவிடும். இணையத்தில் ஏற்றியது நாளைக்கே காணாமல் போகலாம் என்ற எதிர்வாதம் இதைவிட வலுவானது. கட்டணம் கட்ட ஆளில்லாமல், பொறுப்பாளர் முதுமையடைந்து, எத்தனையோ சிறு தளங்கள் மறைகின்றன. அதற்கு விடை இணையத்தை விடுவதல்ல. ஒரு படி ஊரில், ஒரு படி மாவட்ட ஆவணக் காப்பகத்தில், ஒரு படி இணையத்தில் என்று பிரித்து வைப்பது. அகாஸின் படம் கார்ட்னரின் அச்சுப் படிகளால் பல கைகளுக்குப் பரவியது.

நிபுணர்களே போதுமே என்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். நிபுணர் நிதி கிடைக்கும்போது வருகிறார், ஆய்வு முடிந்ததும் போகிறார். கரை அரிப்போ வருடம் முழுவதும் நடக்கிறது. ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் எவ்வளவு போயிற்று என்று பார்த்து எழுத அங்கேயே குடியிருப்பவர்தான் வேண்டும்.

கடலோர ஊரில் பிறந்தவர்கள் வீட்டில் பழைய படகுத்துறைப் படமோ நிலப் பத்திரமோ இருந்தால், அதன் பின்புறம் இடம், ஆண்டு, இருப்பவர் பெயரைப் பென்சிலால் எழுதி, ஒரு நகலை ஊர் நூலகத்துக்குக் கொடுங்கள். பெயர் சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே செய்யுங்கள்.