சிறு கணனியும் அதன் பெரும்பயனும்

கருவிகள் இருவகைப்படும். தம் உள்ளமைப்பைப் பயன்படுத்துவோர்க்குத் திறந்து காட்டுவன ஒருவகை. மறைத்து வைப்பன மற்றொருவகை. தறி முந்திய வகையைச் சார்ந்தது. தறியிற் பழகும் சிறுவன் இழை எங்கே அறுந்ததென்பதைத் தன் கண்ணாற் காண்கின்றான்; அதனை முடிந்து மேலே நெய்யவும் கற்கின்றான். இன்று எம் பிள்ளைகளின் கைகளில் விளங்கும் கைத்தொலைபேசியோ பிந்திய வகையைச் சார்ந்தது. அதனைக் கொண்டு அவர்கள் எத்தனையோ காரியங்களைச் செய்கின்றனர். ஆயினும் அஃது எவ்வாறு இயங்குகின்றதென அறிய வழியில்லை. திறந்து பார்க்க முற்பட்டாற் பெற்றோர் கடிவர். அதன் விலை அத்தகையது. விலை, மறைவு என்னும் இவ்விரு தடைகளையும் ஒருங்கே குறைக்கும் சிறு கணனி ஒன்றனைப் பற்றியும், ஒரு பாடசாலை அதனாற் பெறக்கூடிய பயன்களைப் பற்றியும் ஈண்டுச் சில கூறுவாம்.

தோற்றம்

1981 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பி.பி.சி. மைக்ரோ என்னும் கணனி வெளிவந்து அந்நாட்டுப் பாடசாலைகளிற் பரவிற்று. அதற்கு மின்சாரம் கொடுத்தவுடன் திரையில் தோன்றுவது, கட்டளையை எதிர்நோக்கி நிற்கும் ஒரு குறியே. ஆகவே அக்காலத்துச் சிறுவர் தாமே செய்நிரல் எழுதிப் பழகினர். பிற்காலத்துக் கணனிகள் ஆயத்தமான மென்பொருள்களுடன் வந்தன. எழுதும் பழக்கம் அருகிற்று. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற் கணனி விஞ்ஞானம் பயில விரும்பி விண்ணப்பிப்போர் தொகை குறைந்து வருவதையும், வருவோரின் முன்பயிற்சி மெலிந்திருப்பதையும் எபன் அப்டன் முதலிய அறிஞர் கண்டனர். மாணவன் அச்சமின்றிக் கையாளத்தக்க மலிவான கணனியே இதற்கு மருந்தெனத் துணிந்து ஓர் அறநிறுவனத்தை அமைத்தனர். அதன் பயனாக 2012 பெப்ருவரி 29 ஆந் திகதி விற்பனைக்கு வந்ததே றாஸ்பெரி பை என்னும் ஒற்றைப்பலகைக் கணனி. ‘றாஸ்பெரி’ ஒரு பழத்தின் பெயர். ‘பை’ என்பது பைதன் என்னும் செய்நிரல் மொழியின் பெயரை நினைவூட்டுவது. தொடக்கத்தில் இதன் விலை 35 அமெரிக்க டொலர். 2015 நவம்பரில் 5 டொலர் விலையுள்ள ‘சீரோ’ வகை வெளிவந்தபோது, அஃது ஒரு சஞ்சிகையின் அட்டையோடு இணைத்து இலவசமாக வழங்கப்பட்டது.

அமைப்பு

இக்கணனி ஏறக்குறைய 85 மில்லிமீற்றர் நீளமும் 56 மில்லிமீற்றர் அகலமும் உடைய ஒரே பலகையில் அமைந்தது. கணிக்கும் சில்லும் நினைவகமும் அதன்மேற் பொருத்தப்பட்டுள்ளன. பணிசெயல் முறைமை, விரல்நகம் போன்ற ஒரு நினைவட்டையில் இருக்கும். திரையும் விசைப்பலகையும் சுட்டியும் வேறாக இணைத்தற்குரியன. பலகையின் ஓரத்தில் வரிசையாக ஊசிகள் நிற்பதே இதன் சிறப்பு. 2014 இன் பின் வந்த வகைகளில் இவை நாற்பது. இவற்றின் வழியே கணனி புறவுலகின் நிலையை உணரவும், விளக்கு, மோட்டர் முதலியவற்றை இயக்கவும் வல்லதாகின்றது.

திறந்த மூலம்

செய்நிரல் முதலில் மனிதர் வாசிக்கத்தக்க மொழியில் எழுதப்படுகின்றது. அதுவே மூலம். பின்னர் அஃது இயந்திரம் மட்டும் அறியும் குறிகளாக மாற்றப்படுகின்றது. விலைக்கு விற்கப்படும் மென்பொருள்களிற் பெரும்பாலானவற்றில் நமக்குக் கிடைப்பது இக்குறிகளே. மூலம் விற்பவரிடமே தங்கிவிடும். திறந்த மூல மென்பொருளில் மூலமும் உடன்வரும். அதனைப் படிக்கலாம், பிரதி செய்து பிறர்க்குக் கொடுக்கலாம், பிழை காணின் திருத்தலாம். சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இற் கலித்தொகையை அச்சேற்றியபோது ஏடுகளை ஒப்புநோக்கிப் பிழை களைந்தார். ஏடு கைக்கு எட்டியதாலேயே திருத்தம் இயன்றது. மென்பொருளுக்கும் இஃதொக்கும்.

1983 இல் றிச்சாட் ஸ்டால்மன் அறிவித்த குனூ முயற்சியும், 1991 இற் பின்லாந்து மாணவராகிய லினஸ் டோவால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் கருவும் சேர்ந்து உருவானதே இன்று லினக்ஸ் என வழங்கும் முறைமை. அதன் ஒரு கிளையாய் 1993 இல் எழுந்த டெபியனை அடிப்படையாகக் கொண்டதே இச்சிறு கணனியின் முறைமை.

பயன்கள்

முதலாவது, செய்நிரல் பயிலல். சிறுவர் ஸ்கிராட்ச் என்னும் எளிய முறையிலும், வளர்ந்தோர் பைதன் மொழியிலும் எழுதலாம். மாணவன் ஏதேனுங் கெடுத்துவிட்டால், நினைவட்டையை அழித்து முறைமையை மீண்டும் எழுதினாற் போதும், மென்பொருள் முன்போலாகும். தவறு செய்ய இடங்கொடுப்பதே நல்லாசிரியனின் இயல்பு. இக்கருவிக்கும் அவ்வியல்பு உண்டு.

இரண்டாவது, இணையமில்லா நூலகம். கிவிக்ஸ் என்னும் திறந்த மென்பொருளின் துணையால் விக்கிப்பீடியாவை முழுமையாக ஒரு நினைவட்டையில் அடக்கலாம். 2003 இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் இவ்வாறு கிடைக்கின்றது. 2016 இல் வந்த மூன்றாம் வகை முதலாக இக்கணனிகள் பல தாமே கம்பியில்லாத் தொடர்பை உண்டாக்க வல்லன. வகுப்பறை மூலையில் ஒன்றனை வைத்துவிட்டால், மாணவர் தம் கைத்தொலைபேசியிலிருந்தே அந்நூலகத்தை வாசிக்கலாம். இணையக் கட்டணம் எதுவுமில்லை.

மூன்றாவது, வானிலை நோக்கல். 2016 இல் இக்கணனியோடு கூடிய வானிலைக் கருவித் தொகுதிகள் ஏறத்தாழ ஆயிரம், உலகின் பல பாடசாலைகளுக்கு அனுப்பப்பட்டன. அவற்றின் மழைமானி இயங்கும் முறை அறியத்தக்கது. உள்ளே இரு சிறு கிண்ணங்கள் ஓர் அச்சில் ஊசலாடும். 0.2794 மில்லிமீற்றர் மழைக்குரிய நீர் ஒரு கிண்ணத்தில் நிரம்பியதும் அது சாய்ந்து நீரைக் கொட்டும், மற்றது மேலெழும். சாயுந்தோறும் ஒரு காந்தம் ஓர் ஆளியைக் கடந்து செல்ல, ஆளி கணப்பொழுது மூடித் திறக்கும். அந்த மின்மாற்றத்தைக் கணனி ஊசியொன்றின் வழியே உணர்ந்து எண்ணும். நூறு முறை சாய்ந்தால் 27.94 மில்லிமீற்றர் மழை பெய்ததென்க. இதன் செய்நிரல் சில வரிகளே. பெருக்கலும் காந்தவியலும் புவியியலும் ஒரு கருவியிற் கூடுவதை மாணவன் ஆங்குக் காண்பான்.

நான்காவது, மெய்யான ஆராய்ச்சி. ஹெயிட்டி நாட்டை 2010 இற் கொடிய புவிநடுக்கம் தாக்கியது. பின்னர் இக்கணனியோடு நடுக்கம் உணரும் கருவியை இணைத்து அந்நாட்டு மக்கள் சிலர் தம் வீடுகளில் வைத்தனர். 2021 ஓகஸ்ட் 14 இல் 7.2 அளவுள்ள நடுக்கம் மீண்டும் நேர்ந்தபோது, அவ்வீட்டுக் கருவிகளின் பதிவுகள் அறிஞர்க்குப் பெரிதும் உதவின. 2015 டிசெம்பரில் இவ்வகைக் கணனிகள் இரண்டு சர்வதேச விண்வெளி நிலையத்துக்கும் அனுப்பப்பட்டன. அவற்றில் இயங்கியவை பிரித்தானிய மாணவர் எழுதிய செய்நிரல்கள். விண்வெளி வீரர் அறையுட் புகுந்தாற் காற்றின் ஈரப்பதன் மிகுமா என ஆராயும் செய்நிரலொன்றை எழுதியோர் ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளாவர்.

ஐந்தாவது, தமிழ்ப்பணி. கணனித் திரையிற் காணும் தமிழ்ச் சொற்கள் சில பொருந்தாதனவாயும் பிழைபட்டனவாயும் இருத்தலைக் காண்கின்றோம். மூலம் மறைந்த மென்பொருளில் உரியவரிடம் முறையிடுவதன்றி வேறு வழியில்லை. திறந்த மூல மென்பொருள்களின் தமிழாக்கத்தைச் செய்வோர் பெரும்பாலும் தொண்டர்களே. பிழை கண்ட மாணவன் திருத்தத்தை எழுதி அனுப்பலாம். அஃது ஏற்கப்பட்டால் அம்மென்பொருளைத் தமிழிற் பயன்படுத்தும் யாவர்க்கும் போய்ச் சேரும். கணனியில் நம் மொழி பிறர் வகுத்தபடி கிடக்குமா, நம்மவர் திருத்தியபடி விளங்குமா என்பது இதனைச் செய்ய அறிந்தவர் நம்மிடையே எத்துணையர் உளர் என்பதைப் பொறுத்ததே.

கருத்திற் கொள்ள வேண்டியவை

பலகையின் விலை மட்டுமே செலவன்று. திரை, விசைப்பலகை, மின்வழங்கி, நினைவட்டை ஆகியவையும் வேண்டும். வகைக்கேற்பவும் காலத்துக்கேற்பவும் விலை மாறும். 2021 முதல் சில்லுகளுக்குத் தட்டுப்பாடு நேர்ந்தபோது இது கிடைத்தலே அரிதாயிற்று. முறையாக நிறுத்தாமல் மின்சாரத்தைத் துண்டித்தால் நினைவட்டையிலுள்ளவை பழுதாகக் கூடும். ஊசிகள் 3.3 வோல்ற்று மின்னழுத்தத்துக்கு உரியன; 5 வோல்ற்றை உள்ளீட்டு ஊசியிற் செலுத்தினாற் சில்லு கெடலாம். 2023 இல் வந்த ஐந்தாம் வகைக்கு முற்பட்டவற்றில் நேரங்காட்டும் கடிகாரம் இல்லை. இணையமில்லா இடத்தில் மழைப்பதிவு செய்வோர் சிறு கடிகாரச் சில்லொன்றைச் சேர்த்தல் வேண்டும். இக்கணனியில் யாவும் திறந்தன என்றலும் பொருந்தாது. சில்லை இயக்கும் அடிப்படை நிரல்களிற் சில இன்றும் மூடியே உள்ளன.

பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள்

கற்ற கல்லூரிக்குக் கணனிகளை அன்பளிப்பாக வழங்குதல் பழைய மாணவர் பலரின் வழக்கம். அது போற்றுதற்குரியதே. எனினும் ஆளில்லாக் கணனி அறையிற் பூட்டப்பட்டுத் தூசி படியும். விலையுயர்ந்த கணனிகள் சிலவற்றை வழங்குவதிலும், இத்தகைய சிறு கணனிகள் பத்தை வழங்கி, வாரத்தில் ஒரு மணிநேரம் மாணவரோடிருந்து அவற்றைத் திறந்து காட்டுதல் மிக்க பயன்தரும். அத்துறையில் வல்ல பழைய மாணவர் இன்று உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் பலர் உளர். அவர்கள் பொருளோடு தம் பொழுதிலும் ஒரு பகுதியை ஈவாராயின், கல்லூரி முற்றத்திற் பெய்யும் மழையை அளக்கும் கருவியை அடுத்த ஆண்டிலேயே எம் மாணவர் தாமே அமைத்து முடிப்பர்.