மிளகைப் பொள்ளாக்கும் சிறுவண்டு

திருவனந்தபுரம் வட்டாரத்தில் வேளாண் கடன் நாடி வரும் மிளகு விவசாயிகளுடன் விளைச்சலைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ‘பொள்ளு’ என்னும் சொல்லை நாம் கேட்கிறோம். பார்வைக்கு முழு மணி. நசுக்கினால் உள்ளீடற்ற வெறுந்தோல். இதற்குக் காரணமான பொள்ளு வண்டின் நீளமோ ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர்தான்.

இது தெள்ளுவண்டுகளின் இனம். இலைவண்டுக் குடும்பத்தில் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்ட பெருங்கூட்டம் அது. இவ்வண்டுகளின் தடித்த பின்தொடைக்குள் வில் போன்ற ஓர் உறுப்பு உண்டு. ஆபத்து நெருங்கினால் தெள்ளுப்பூச்சியைப் போலத் துள்ளி மறைந்துவிடும். குதிக்க இயலாத புழுப் பருவத்துக்கு வேறு காப்புகள் உள்ளன. குடம்புளி மரத்தின் இலையைத் தின்னும் பொடோன்ஷியா காங்கிரிகேட்டா என்னும் இனத்தின் புழு, தன் கழிவையே போர்வையாகச் சுமக்கிறது. பொள்ளு வண்டின் புழுவோ மிளகுக் காய்க்குள்ளேயே ஒளிந்துகொள்கிறது.

பயிர்ப்பாதுகாப்பு நூல்கள் நெடுங்காலம் இதனை லாங்கிடார்சஸ் நிக்ரிபென்னிஸ் என்றே குறித்து வந்தன. திருவனந்தபுரத்தை அடுத்த வெள்ளாயணியில் 1955-இல் தொடங்கப்பட்ட வேளாண் கல்லூரியின் பூச்சியியலாளர் கே. டி. பிரதாபன், சி. ஏ. விரக்தமத்துடன் இணைந்து, இது வேறொரு பேரினத்தைச் சேர்ந்த தனி இனம் எனக் காட்டினார். இன்று இதன் பெயர் லங்கா ராமகிருஷ்ணை.

அடையாளம் பிறழ்ந்தால் விவசாயியின் செலவும் வீணாகும். பூஞ்சாண நோயாலும் மணிகள் பொள்ளாவதுண்டு. மணியில் துளை இருப்பின் வண்டு; வெடிப்பு இருப்பின் பூஞ்சாணம். ஒன்றுக்குரிய மருந்து மற்றொன்றுக்கு உதவாது.

தாய் வண்டு இளங்காயில் சிறு குழி பறித்து முட்டையிடும். புழு ஒரு காயைத் தின்று முடித்து அடுத்ததைக் குடையும். முதிர்ந்தபின் மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகும். நிழல் மிகுந்த தோட்டங்களில் தாக்குதல் அதிகம். எனவே நிழல்மரக் கிளைகளைக் கழிப்பதும், கொடியடி மண்ணைக் கிளறுவதும், ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை வேம்பு சார்ந்த மருந்தைத் தெளிப்பதும் பயன் தரும்.

வாடிக்கையாளரை அறிந்த பின்னரே கணக்கைத் தொடங்குவது வங்கியின் நெறி. பூச்சியை அறிந்த பின்னரே மருந்து வாங்குவது தோட்டத்தின் நெறியாகட்டும். கடன் தொகையை மருந்துக்குச் செலவிடுமுன், பொள்ளான மணிகள் சிலவற்றை அருகிலுள்ள கிருஷி பவனில் காட்டுங்கள். துளையா வெடிப்பா என்பது தெளிந்துவிடும்.