மண்ணீரலைக் காத்த ஊசி

சென்ற ஆண்டு ஐப்பசி மழையில் வயலே கதியென்று நின்ற என் தாய்மாமனுக்குக் காய்ச்சல் கண்டது. அவர் நீரிழிவு உள்ளவர். இடப்பக்க விலாவுக்குக் கீழே வலி. மூச்சை இழுத்தால் இடது தோளிலும் வலித்தது. டைபாய்டு என்றும் மலேரியா என்றும் மூன்று வாரம் கழிந்தபின், அல்ட்ராசவுண்ட் படத்தில்தான் மண்ணீரலுக்குள் சீழ் கட்டியிருப்பது தெரிந்தது.

"மண்ணீரலா? அது எதுக்கு மாப்ளே இருக்கு?" என்று என்னைக் கேட்டார். விலங்கியல் மாணவனாயிற்றே!

ஒன்பதாம் விலா முதல் பதினோராம் விலா வரையிலான மறைவில், ஏறத்தாழ 150 கிராம் எடையில் அமைந்த உறுப்பு அது. முதிர்ந்த சிவப்பணுக்களைக் கழிக்கும்; இரத்தத்தில் புகும் கிருமிகளைப் பிடிக்கும். அது இல்லாமலும் உயிர் வாழலாம். ஆகவே, சீழ் கட்டினால் வயிற்றைத் திறந்து மண்ணீரலையே எடுத்துவிடுவது நெடுநாளைய வழக்கமாக இருந்தது. ஆனால் மண்ணீரல் நீக்கப்பட்ட குழந்தைகளுக்குக் கொடிய தொற்றுகள் வருவதை 1952-ஆம் ஆண்டில் கிங், ஷூமேக்கர் என்னும் அமெரிக்க மருத்துவர்கள் எடுத்துக்காட்டினர். நியூமோகாக்கஸ் போன்ற கிருமிகள் அத்தகையோரை ஓரிரு நாளிலேயே மாய்த்துவிடக்கூடும். அதனால்தான் அவர்களுக்குத் தடுப்பூசிகள் போடுகிறார்கள்.

அப்படியானால் சீழை மட்டும் வடித்துவிடலாமே? அங்கேதான் அச்சம். மண்ணீரல் இரத்தத்தில் ஊறிய பஞ்சு போன்றது. கண்ணை மூடிக்கொண்டு ஊசி குத்தினால் இரத்தம் பெருகும். அல்ட்ராசவுண்டும், 1971-இல் இலண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு எடுக்கப்பட்ட சி.டி. ஸ்கேனும் வந்தபிறகே உள்ளே பார்த்துக் குத்தும் வழி பிறந்தது.

மாமாவுக்கு முதலில் இரத்தம் உறையும் தன்மையைச் சோதித்தார்கள். பிறகு விலாப்புறத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, திரையில் படத்தைப் பார்த்தபடியே ஊசியைச் செலுத்தினார்கள். மேலே நுரையீரல் உறை, கீழே பெருங்குடல், பின்னால் சிறுநீரகம். எதிலும் படாமல், மண்ணீரல் தசையைக் கூடியவரை குறைவாகத் துளைத்துச் சீழை எட்டவேண்டும். எட்டியதும் ஊசியின் வழியே மெல்லிய கம்பி ஒன்று உள்ளே போகும். ஊசியை உருவிவிட்டு, கம்பியின்மேல் குழாயை வழுக்கிச் செலுத்திப் பின் கம்பியையும் உருவிவிடுவார்கள். சுவீடன் நாட்டுச் செல்டிங்கர் 1953-இல் இரத்தக் குழாய்களுக்கென்று வெளியிட்ட முறை இது. ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் பருமனுள்ள அக்குழாயின் நுனி உள்ளே பன்றிவால்போல் சுருண்டுகொள்வதால் எளிதில் நழுவாது. எனக்கு இந்தக் கம்பி வித்தைதான் பெரும் வியப்பு.

எல்லோருக்கும் இது ஒத்துவராது. ஒரே அறையாய், நீர்த்த சீழாய் இருந்தால் நல்ல பலன் கிடைக்கும். பல சிறு கட்டிகளாகச் சிதறிக் கிடந்தாலும், குழாயை மீறி இரத்தம் கசிந்தாலும் அறுவைதான். அதற்கும் ஆயத்தமாகவே இருந்தார்கள். அன்றிரவு முழுவதும் அத்தை உறங்கவில்லை.

வடிந்த சீழில் வளர்ந்தது மெலியாய்டோசிஸ் கிருமி. ஈர மண்ணில் வாழ்வது. நீரிழிவு உள்ளவர்களை அதிகம் தாக்குவது. காலில் வெடிப்போடு சேற்றில் நின்றவருக்கு அது வந்ததில் வியப்பில்லை. பதினோராம் நாள் வடிகால் வற்றியது, ஸ்கேனில் குழி சுருங்கியிருந்தது, குழாயை எடுத்தார்கள். நரம்பூசி மருந்து முடிந்து, பின்னும் மூன்று மாதம் மாத்திரை. காய்ச்சல்தான் போய்விட்டதே என்று இரண்டாம் மாதமே நிறுத்தப் பார்த்தார் மாமா, அத்தை விடவில்லை.