உஷார்! சிக்னல் நிறைய இருக்கும், 1990-க்குக் கோல் போகாது!

உங்கள் அம்மாவின் போனைக் கையில் எடுங்கள். இப்போதே எடுங்கள். மேலே 4ஜி என்று நிற்கிறதா? சிக்னல் கோடு நாலும் நிறைந்திருக்கிறதா? அதைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அந்தப் போனிலிருந்து 1990 அம்புலன்ஸுக்குக் கோல் போகாமலே போகலாம்!

யாழ்ப்பாணம் கோப்பாயில் நடந்ததைக் கேளுங்கள். தோட்டக் காணிகளுக்கு நடுவே ஒரு வீடு. எழுபது தாண்டிய அம்மம்மா தனியே இருக்கிறார். விடுமுறைக்கு வந்த பேரன், "நெட் சரியான ஸ்லோவாக் கிடக்கு அம்மம்மா" என்று போனை வாங்கினான். ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்து, உள்ளே போய் '4ஜி மட்டும்' என்று மாற்றிவிட்டான். வீடியோ கோல் பளிச்சென்று வந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். லண்டன் மகளும் கொழும்பு மகனும் வாட்ஸ்அப்பில்தான் கதைப்பார்கள். மூன்று கிழமையாக அந்தப் போனுக்குச் சாதாரண கோல் ஒன்றுகூட வரவில்லை. ஒருவரும் கவனிக்கவில்லை!

ஒருநாள் விடியப்புறம் மூன்று மணி. நெஞ்சை அடைத்தது. வேர்த்துக் கொட்டியது. டேட்டா முதல்நாள் இரவே முடிந்துவிட்டது. 1990 அடித்தார். போகவில்லை. திரும்பவும் அடித்தார். நெட்வேர்க் இல்லை என்றது போன். மேலே நாலு கோடும் அப்படியே நின்றன.

சுவரைப் பிடித்துப் பிடித்து வேலிவரை போய்க் கூப்பிட்டார். பக்கத்து வீட்டுக்காரரின் பழைய பட்டன் போனில் முதல் தரமே கோல் எடுபட்டது. அம்மம்மா தப்பிவிட்டார். அந்த வீடு பூட்டிக் கிடந்திருந்தால்? நினைக்கவே பதறுகிறது. எங்கள் ஒழுங்கைகளில் பூட்டிக் கிடக்கிற வீடுகள் கொஞ்சமா?

பேரனைக் குறை சொல்ல மாட்டேன். அவனுக்குத் தெரியாது. நமக்கும் தெரியாது. அதுதான் ஆபத்து!

4ஜி இருந்தால் கோல் போகும் என்று நினைக்காதீர்கள்.

ஒரே டவரில் பழைய தலைமுறையும் புதிய தலைமுறையும் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. 2ஜியும் 3ஜியும் குரலுக்கென்று தனிப் பாதை வைத்திருப்பவை. 4ஜியில் அந்தப் பாதை இல்லை. அதில் குரல் போக 'வோல்டி' என்ற வசதி வேண்டும். போனில் அது இருக்க வேண்டும். சிம் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். உங்கள் சேவை நிறுவனமும் அந்த மொடலுக்கு அதைத் திறந்துவிட்டிருக்க வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும், கோல் எடுக்கிற கணத்தில் போன் 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கிப் போகும். அப்படி இறங்குகிற படியைத்தான் பேரன் அடைத்துவிட்டான்.

நீங்கள் அடைக்காவிட்டாலும் அது அடைபடலாம். 3ஜியை நிறுத்தி, அந்த அலைவரிசையைப் புதிய தலைமுறைக்குக் கொடுப்பது உலகம் முழுக்க நடக்கிறது. சிங்கப்பூர் 2024-இல் 3ஜியை மூடியது. அவுஸ்திரேலியாவில் டெல்ஸ்ட்ராவும் ஒப்டஸும் 2024 ஒக்டோபர் 28-ஆம் திகதி மூடத் தொடங்கின. அங்கே 4ஜி போன்கள் சிலவும் மாட்டுப்பட்டன. சாதாரண கோல் 4ஜியில் போகும். 000 என்ற அவசர இலக்கம் மட்டும் 3ஜியைத் தேடும். வைத்திருந்தவர்களுக்கே அது தெரியாது!

5ஜி போன் வாங்கியவர்களே, நீங்களும் கவனம்!

5ஜி இரண்டு விதம். ஒன்று 4ஜியின் தோளில் சாய்ந்து நிற்பது. மற்றது தன் காலில் தனியே நிற்பது. 2022-இல் இந்தியாவில் ஏர்டெல் முதலாவதோடும், ஜியோ இரண்டாவதோடும் இறங்கின. சாய்ந்து நிற்கும் 5ஜியில் உங்கள் குரல் 4ஜியில்தான் போகிறது. வோல்டி வேலை செய்யாவிட்டால் 5ஜி போனும் 2ஜி வரை விழும். ஜியோவிடம் 2ஜியும் இல்லை, 3ஜியும் இல்லை. வைத்தியத்துக்குச் சென்னை போகிறவர்கள், வோல்டி இல்லாத பழைய போனில் அந்த சிம்மைப் போட்டால் சாதாரண கோல் எடுக்கவே முடியாது!

ஆபத்தின் அறிகுறிகள்

- கோல் எடுத்ததும் மேலே இருந்த 4ஜி மறைந்து ஈ, ஜி, எச் என்று ஓர் எழுத்து வருகிறது.
- கதைத்துக்கொண்டிருக்கும்போது இன்டர்நெட் நின்றுவிடுகிறது.
- இலக்கத்தை அடித்தபின் மணி கேட்க நெடுநேரம் எடுக்கிறது.
- வாட்ஸ்அப் கோல் வருகிறது, சாதாரண கோல் வருவதே இல்லை.
- போன் வெளிநாட்டிலிருந்து வந்தது. அங்கே வோல்டி வேலை செய்தது என்பதற்காக இங்கும் செய்யும் என்று நம்ப முடியாது!
- சிம் பல வருடம் பழையது.

இன்றைக்கே செய்யுங்கள்

டேட்டாவையும் வைஃபையையும் நிறுத்திவிட்டு, பக்கத்து வீட்டுக்கு ஒரு சாதாரண கோல் எடுத்துப் பாருங்கள். சோதிப்பதற்காக 1990-க்கு அடிக்காதீர்கள். அந்த நேரம் ஓர் உயிர் காத்திருக்கலாம். '4ஜி மட்டும்' என்று இருந்தால், உடனே பழையபடி எல்லாத் தலைமுறையும் எடுக்கும்படி மாற்றுங்கள். வோல்டி இருந்தால் போட்டு விடுங்கள். பழைய சிம்மை மாற்றுங்கள். 2ஜி வழியாகப் போனை ஏமாற்றும் போலி டவர் மோசடிக்குப் பயந்து, சிலர் 2ஜியை நிறுத்தச் சொல்வார்கள். அந்த மோசடி உண்மைதான். ஆனால் வோல்டி வேலை செய்கிறதா என்று உறுதியாகத் தெரியாமல் நிறுத்தவே நிறுத்தாதீர்கள்! பழைய பட்டன் போன் கிடந்தால் எறியாதீர்கள். சார்ஜ் போட்டு, ஒரு சிம்மோடு அம்மாவின் தலைமாட்டில் வையுங்கள்.

லண்டனிலும் கனடாவிலும் இருக்கிற பிள்ளைகளே! நாளைக்கு அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் எடுக்காதீர்கள். காசு போனாலும் பரவாயில்லை, சாதாரண கோல் ஒன்று எடுங்கள். மணி அடிக்கிறதா என்று பாருங்கள்.

அடிக்காவிட்டால், அன்றைக்கே ஓர் ஆளை வீட்டுக்கு அனுப்புங்கள்.